ஊற்றுத் தோண்டிய என்ஜினீயர்

செப்டம்பர் 15 வந்தால் நம் கல்லூரி சிவில் துறை வராண்டாவில் ஒரு மேஜையைப் போட்டு, தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவரின் படத்தை அதன்மேல் வைத்து மாலை போடுவோம். பொறியாளர் தினம். முதல்வர் பேசுவார், துறைத்தலைவர் பேசுவார், மாணவர் சார்பில் ஒருத்தர் பேசுவார். எந்த வருஷமும் பேச்சு மாறியதில்லை. அரசாங்க வேலைக்கு அரசாங்க மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்குச் சொந்த மெழுகுவர்த்தி என்று ஒரு கதை. ஓடுகிற ரயிலில் தண்டவாளச் சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்தார் என்று இன்னொரு கதை. மூன்றாம் வருஷம் நானும் இதையே பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான். பிறகு காராசேவும் டீயும். அத்தோடு சர் எம். விஸ்வேஸ்வரய்யா அடுத்த செப்டம்பர் வரைக்கும் பீரோவுக்குள் போய்விடுவார்.

வேலைக்குப் போனபிறகுதான் அந்த மனிதரை நிஜமாகவே படித்தேன். மெழுகுவர்த்தியும் ரயிலும் நடந்ததோ நடக்கவில்லையோ, அவர் வாழ்க்கையில் அதெல்லாம் ரொம்பச் சின்னச் சங்கதி. ஊர் ஊராகப் போய் அவர் ஜனங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கதையை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, அதை இளைய தம்பி தங்கைகளுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கூடப் படித்தவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும். பரீட்சைக்கு இல்லை.

முதலில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு இருக்கன்குடி. பெயரைச் சொன்னதும் எல்லோரும் மாரியம்மன் கோயிலைத்தான் கேட்பார்கள். ஒரு பக்கம் அர்ச்சுனா நதி, ஒரு பக்கம் வைப்பாறு, நடுவில் அம்மன். ரெண்டு ஆறு இருந்து என்ன, வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். ஆனால் அந்த மணல் எங்களைக் கைவிட்டதில்லை. பெண்கள் ஆற்றுக்குள் இறங்கி முழங்கால் ஆழத்துக்குக் கையாலேயே குழி தோண்டுவார்கள். முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கண்ணாடி மாதிரி தண்ணீர் ஊறும். சிரட்டையால் மோந்து மோந்து குடத்தை நிரப்புவார்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற ஜனமும் ஆற்றில் ஊற்றுத் தோண்டித்தான் சோறு பொங்கியது. எங்கள் அம்மா தோண்டிய ஊற்றைத்தான் சிந்து நதியில் விஸ்வேஸ்வரய்யா தோண்டினார் என்று படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் பிறந்தது இன்றைய கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர் பக்கம் முத்தேனஹள்ளி. 1861 செப்டம்பர் 15 என்பது பரவலான கணக்கு. 1860 என்பாரும் உண்டு. முன்னோர்கள் ஆந்திரத்து மோக்ஷகுண்டத்திலிருந்து வந்தவர்கள். பெயருக்கு முன்னால் நிற்கிற எம். அந்த ஊர்தான். தகப்பனார் சமஸ்கிருதப் பண்டிதர். பையன் சின்ன வயசாக இருக்கும்போதே அவர் போய்விட்டார். பெங்களூரில் மாமா வீட்டு ஆதரவு. சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சென்ட்ரல் காலேஜில் படித்து 1881-ல் பி.ஏ. மைசூர் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் பூனா பொறியியல் கல்லூரி. 1883-ல் பம்பாய் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். அடுத்த வருஷம் பம்பாய் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர் வேலை. டியூஷன் எடுத்துப் படித்தவர்கள் நம் கல்லூரியிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலைகளில் ஒன்று கான்தேஷ் பகுதியில் ஓர் ஆற்றுக்குக் குறுக்கே குழாய் சைபன் போடுவது. மழைக்காலம், மணல் வந்து அடைக்கிறது, வேலையைத் தள்ளிப்போட மனசு. அந்த மழையிலேயே முடித்தார். சின்ன வேலைதான். ஆனால் ஆற்றுமணல் என்ன செய்யும், தண்ணீர் எங்கே போகும் என்று கிட்டத்தில் நின்று பார்த்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பிறகு சுக்கூர். இன்றைக்குப் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கிறது, அன்றைக்குப் பம்பாய் மாகாணம். 1894 வாக்கில் அந்த நகரசபைக்குக் குடிநீர்த் திட்டம் போடச் சொல்லி அவரை அனுப்பினார்கள். ஆறு பெரிய ஆறு. ஆனால் தண்ணீர் சேறு. மொண்டு வைத்தால் பாதிப் பாத்திரம் வண்டல் படியும். அன்றைக்கு லண்டன் முறைப்படி செய்வதானால் மணல் வடிகட்டித் தொட்டிகள் வரிசையாகக் கட்ட வேண்டும். கட்ட நகரசபையிடம் பணம் இல்லை. இங்கேதான் அந்த இளைஞருடைய மூளை வேலை செய்தது. கரைமேல் தொட்டி கட்டி, அதில் மணலைக் கொட்டி, ஆற்றுத் தண்ணீரை அதற்குள் விடுவதற்குப் பதிலாக, ஆற்றுப் படுகையிலேயே ஒரு கிணற்றை இறக்கினார். படுகை மணலே வடிகட்டி ஆயிற்று. ஊறுகிற நீர் போதவில்லை என்றதும் கிணற்றிலிருந்து ஆற்றின் அடியாகவே ஒரு சுரங்க வழி வெட்டி ஊற்றைக் கூட்டினார். அந்தத் தெளிந்த நீரை பம்பு வைத்துக் குன்றின்மேல் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து ஊருக்குள் குழாயில் விட்டார்.

இதில் புதுசு எது, பழசு எது? கிணறு பழசு, மணல் பழசு, ஊற்று ஆதிகாலத்துச் சமாசாரம். நீராவி பம்பும் இரும்புக் குழாயும் மட்டும்தான் புதுசு. பழசை எங்கே வைப்பது, புதுசை எங்கே கோர்ப்பது என்று தெரிந்ததுதான் அவருடைய படிப்பு. பின்னாளில் 1906-ல் இந்திய அரசாங்கம் அவரை ஏடனுக்கு அனுப்பியது. கடலோரத்துப் பாலை, சொட்டுத் தண்ணீர் இல்லாத கோட்டை ஊர். அங்கேயும் உள்நாட்டில் லாஹேஜ் பக்கத்துக் காட்டாற்றுப் படுகையில் கிணறு இறக்கிக் குழாயில் கொண்டுவரச் சொல்லித்தான் அறிக்கை கொடுத்தார்.

இப்போதும் நம் வாரியத்தில் ஆற்றுக்குள் உறைகிணறு, நீர் உறிஞ்சு கிணறு என்று போடுகிறோமே, அது இந்த வழியில் வந்ததுதான். தாமிரபரணிப் படுகையிலிருந்து நம் மாவட்டத்து ஊர்களுக்குக் கூட்டுக்குடிநீர் வருகிறது என்றால் படுகையில் மணல் இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கிணறுகளுக்கு உயிர். இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. நான் எழுதிய எஸ்டிமேட்டுகள் எத்தனையோ. ஒவ்வொன்றிலும் இத்தனை கன மீட்டர் ஆற்றுமணல் என்று ஒரு வரி இருக்கும். எந்த ஆற்றில் எத்தனை ஆழத்துக்கு அள்ளியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எம்.புக்கில் அளவு சரியாக இருக்கிறதா என்பதோடு என் கவலை முடிந்தது. லாரி லாரியாகப் போனபிறகு வைப்பாற்றில் பல இடத்தில் களிமண்ணும் பாறையும் தெரிந்தது. அங்கே எந்தச் சிரட்டைக்கும் வேலை இல்லை. இப்போது எம்-சாண்ட் வந்திருக்கிறது. கல்லை உடைத்து, கழுவி, சலித்துத் தருகிறார்கள். கான்கிரீட்டுக்கு நன்றாகவே நிற்கிறது. இதை முப்பது வருஷம் முன்னாலேயே நம்மவர்கள் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆற்றுமணல் கைக்கெட்டுகிற விலையில் கிடைத்தது, யோசிக்கவில்லை.

கதைக்கு வருகிறேன். பூனாவுக்குத் தண்ணீர் கொடுத்தது முட்டா ஆற்றின்மேல் இருந்த கடக்வாஸ்லா அணை. வெள்ளைக்காரர்கள் ஃபைஃப் ஏரி என்பார்கள். மழைக்காலத்தில் வருகிற தண்ணீர் கலுங்குக்கு மேலே பல அடி உயரத்துக்கு வழிந்து போய்விடும். கோடையில் ஊரும் பாசனமும் தவிக்கும். அணையை உயர்த்தினால் செலவு. கலுங்கின்மேல் நிரந்தரமாகச் சுவர் எழுப்பினால் வெள்ளத்தில் அணைக்கே ஆபத்து.

நம்ம ஊர்க் கண்மாய்களில் இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. கலுங்கில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை ஓய்கிற சமயத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகையோ களிமண்ணோ வைத்து அடைத்து ஒரு முழம் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்துவார்கள். திடீரென்று பெருமழை பெய்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போய் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டத் தவறினால் கரை போச்சு. மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் இந்த அடைப்பை வைத்து நடந்த சண்டைகளை எழுதினால் மலர் போதாது.

விஸ்வேஸ்வரய்யா செய்தது, அந்தப் பலகையைத் தானாகவே திறந்து தானாகவே மூடிக்கொள்ள வைத்ததுதான். கதவுக்கு எதிர் எடை கட்டி, தராசு மாதிரி நிறுத்தினார். குறித்த மட்டத்துக்குமேல் நீர் ஏறினால் அந்த நீரே எடையின் சமநிலையைக் கலைத்துக் கதவைத் திறக்கும். மட்டம் இறங்கினால் கதவு பழையபடி மூடிக்கொள்ளும். ஆளும் வேண்டாம், என்ஜினும் வேண்டாம். 1903-ல் கடக்வாஸ்லாவில் பொருத்தினார்கள். பழைய கலுங்கு மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 8 அடி தண்ணீர் நின்றது. அணையை ஒரு கல் உயர்த்தாமலே கொள்ளளவு கால் பங்கு கூடியது. அவர் பெயரில் காப்புரிமையும் பதிவாயிற்று. பிற்பாடு மைசூர் அணையிலும் இதே தத்துவத்தில் கதவுகள் வந்தன.

இந்தக் கதவுகளின் அருமை எனக்கு ஒரு கார்த்திகை மாத ராத்திரியில் தெரிந்தது. தென்மாவட்டத்து அணை ஒன்று, பெயர் வேண்டாம். நான் அப்போது ஜே.இ. மேலே மலையில் கொட்டுகிறது, வயர்லெஸ்ஸில் தகவல் வந்துகொண்டே இருக்கிறது, கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் இல்லை. ஷட்டரைக் கையால் சுற்றித்தான் தூக்க வேண்டும். ரெண்டு லஸ்கர், ஒரு வாட்ச்மேன், நான். நாலு பேரும் மாறி மாறி ஹாண்டிலைச் சுற்றுகிறோம், கை எரிகிறது, ஷட்டர் விரல்கடை விரல்கடையாக ஏறுகிறது. பல் சக்கரத்தில் எத்தனை வருஷமாக கிரீஸ் படவில்லையோ. டார்ச் அடித்து ஸ்கேலைப் பார்த்தால் நாங்கள் திறக்கிற வேகத்தைவிடத் தண்ணீர் ஏறுகிற வேகம் ஜாஸ்தி. விடியற்காலம் மழை ஓய்ந்தது, அதனால் தப்பினோம். கீழே இருந்த கிராமத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, நன்றாகத் தூங்கினார்கள். கைக் கொப்புளத்தோடு திரும்பிவந்து படுத்தபோது, 1903-ல் ஒருத்தர் இதற்கு வழி செய்துவிட்டுப் போனாரே என்ற நினைப்புத்தான் எனக்கு.

பாசனத்திலும் அவர் கை பட்டது. நீரா கால்வாயில் தண்ணீரைச் சுற்றுமுறையாகப் பிரித்துவிடும் பிளாக் முறை 1899 வாக்கில் அவர் கொண்டுவந்ததுதான். நம் பக்கத்து முறைத்தண்ணி தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1904-ல் பம்பாய் மாகாணத்துச் சுகாதாரப் பொறியாளர் பதவி கிடைத்தது. அதற்குமேல் தலைமைப் பொறியாளர் நாற்காலி இந்தியர் ஒருவருக்குக் கிடைக்கிற காலமாக அது இல்லை. அவர் காத்திருக்கவில்லை. 1908-ல் தானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு ஐரோப்பா புறப்பட்டுவிட்டார்.

அந்த வருஷம் செப்டம்பர் 28-ல் ஹைதராபாத்தில் மூசி நதி ஊருக்குள் புகுந்தது. ஒரே நாளில் பத்தாயிரத்துக்குமேல் ஜனங்கள் போனார்கள், பதினைந்தாயிரம் என்றும் சொல்வதுண்டு. நிஜாம் அரசாங்கத்தின் அழைப்பு இத்தாலியில் இருந்த விஸ்வேஸ்வரய்யாவைத் தேடிப் போயிற்று. 1909-ல் வந்து சேர்ந்தார்.

என்னைக் கேட்டால், சிவில் மாணவர்கள் அவரைப் பற்றி ஒன்றே ஒன்று படிப்பதானால் இந்த ஹைதராபாத் வேலையைப் படிக்கவேண்டும். ஊருக்குள் கரையை உயர்த்துவது, பாலத்தை அகலப்படுத்துவது என்று ஆரம்பிக்கவில்லை. முதலில் மேலே போனார். மழை எங்கே எவ்வளவு பெய்தது, எத்தனை மணி நேரத்தில் பெய்தது, எந்த ஓடை வழியாக எப்போது வந்தது என்று கணக்கெடுத்தார். ஊருக்கு மேலே இருந்த நீர்ப்பிடிப்பில் ஏறத்தாழ 800 ஏரிகள். சதுர மைலுக்கு ஒன்று வீதம். அவற்றில் 200-க்குமேல் அந்த மழையில் உடைந்திருந்தன. மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தாங்காது. ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து அத்தனையும் சேர்ந்துதான் ஊருக்குள் வந்தது. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவனுக்கு இது பாடம் எடுத்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்துக்கால் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு.

அவருடைய யோசனை இதுதான். ஊருக்கு மேலே மூசியின்மேல் ஒன்று, அதன் கிளையான ஈசியின்மேல் ஒன்று, ரெண்டு பெரிய நீர்த்தேக்கம். அசாதாரண வெள்ளம் வந்தால் அதைப் பிடித்து வைத்து, ஆறு தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். அதே தண்ணீர் ஊருக்குக் குடிக்க ஆகும். ஹைதராபாத் அரசின் பொறியாளர்கள் அதைக் கட்டி முடித்தார்கள். உஸ்மான் சாகர் 1920-ல், ஹிமாயத் சாகர் 1927-ல். கூடவே ஆற்றங்கரையில் பூங்கா, ஊருக்குப் பாதாளச் சாக்கடை. சாக்கடை வேலைக்காகவே அவர் 1922-லும் பிறகும் மறுபடி ஹைதராபாத் வந்தார். குடிநீரையும் சாக்கடையையும் வெள்ளத்தையும் தனித்தனிக் கோப்பாக வைத்துப் பழகிய நமக்கு, மூன்றும் ஒரே தண்ணீர் என்று 1909-லேயே ஒருத்தர் எழுதி வைத்தது ஆச்சரியமாக இருக்கும்.

அந்த ரெண்டு ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குக் கட்டடக் கட்டுப்பாடு என்று 1996-ல் அரசாணை 111 வந்தது. 2022-ல் அதைத் தளர்த்தினார்கள். நடுவில் 2020 அக்டோபரில் ஹைதராபாத் தெருக்களில் படகு விட்டார்கள். நகருக்குள் இருந்த ஏரிகளிலும் ஓடைகளிலும் வீடு எழும்பியது அதற்கு ஒரு முக்கியமான காரணம். சென்னை 2015-ல் பட்டதை நம்மில் பலர் கூடவே பட்டவர்கள்.

1909 கடைசியில் மைசூர் சமஸ்தானத்துத் தலைமைப் பொறியாளர் ஆனார். 1911-ல் கண்ணம்பாடியில் அணை வேலை தொடங்கியது. கிருஷ்ணராஜ சாகர். தமிழ்நாட்டுக்காரன் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட்டுத்தான் எழுத முடியும்.

கட்டட வேலையாகப் பார்த்தால் அது பெரிய சாதனை. அன்றைக்கு நம் நாட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி சிமெண்டு கிடையாது. போர்பந்தரில் ஆலை வந்ததே 1914-ல்தான். நம்ம துலுக்கப்பட்டி ஆலையெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. சீமையிலிருந்து சிமெண்டு வரவழைத்தால் சமஸ்தானம் தாங்காது. ஆகவே சுர்க்கி. செங்கல்லைப் பொடியாக்கிச் சுண்ணாம்போடு அரைத்த சாந்து. தண்ணீருக்கடியிலும் இறுகும், மெதுவாக இறுகுவதால் சூடும் கம்மி. அதற்கு முன்னால் 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலும் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான் போட்டார். நம் கொத்தனார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சாந்துதான், அதை ஆயிரக்கணக்கான ஆளை வைத்து மைல் கணக்கான அணைக்குக் கலவை அளவு மாறாமல் போட வைத்தது புதுசு. இன்றைக்குச் சிமெண்டில் ஃபிளை ஆஷ் கலக்கிறோமே, சுர்க்கி செய்த அதே வேலையைத்தான் அந்தச் சாம்பலும் செய்கிறது.

ஆனால் நதி மைசூரோடு முடியவில்லை. 1892 ஒப்பந்தப்படி சென்னை மாகாணத்தின் சம்மதமில்லாமல் மைசூர் காவிரியில் புது அணை கட்ட முடியாது. மைசூர் கேட்டது 41.5 டி.எம்.சி. கொள்ளளவு. சென்னை 11 டி.எம்.சி.க்குமேல் ஒப்பவில்லை. மைசூர் சின்ன அணை என்று வேலையைத் தொடங்கி, அஸ்திவாரத்தைப் பெரிய அணைக்கே போட்டது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு வயிறு கலங்காமல் இருக்குமா? கிரிஃபின் தீர்ப்பு 1914-ல் மைசூருக்குச் சாதகமாக வந்தது. சென்னை லண்டன் வரை போனது. கடைசியில் 1924-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அதன் பிறகு அவர்கள் கண்ணம்பாடியை முடித்தார்கள், நாம் 1934-ல் மேட்டூரை முடித்தோம். அதன்பின் நடந்ததெல்லாம் பேப்பரில் படித்தது, இங்கே எதற்கு.

அஸ்திவார விஷயத்தில் விஸ்வேஸ்வரய்யா செய்தது சரியா என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் பல தடவை வாதாடியிருக்கிறோம். ஒரு என்ஜினீயராக எனக்கு அது புரிகிறது. பின்னால் உயர்த்தப்போகிற அணைக்கு இன்றே அகலமாக அஸ்திவாரம் போடாவிட்டால் பிறகு போட முடியாது. கடைமடை விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தால், கேட்டது ஒன்று, தோண்டியது ஒன்று. மூசியில் மேலே ஏறிப்போய் ஒவ்வொரு ஏரியையும் எண்ணிய அதே மனிதர், காவிரியில் கீழே இறங்கிவந்து கல்லணையில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

1912-ல் திவான். ஆறு வருஷத்தில் அவர் செய்ததற்குத் தனி மலர் போட வேண்டும். மைசூர் பல்கலைக்கழகம் 1916-ல், பெங்களூர் பொறியியல் கல்லூரி 1917-ல். பதவி விட்டபிறகும் பத்ராவதி இரும்பு ஆலையை எடுத்து நிமிர்த்தினார். ஆனால் திவான் பதவியை அவர் விட்ட காரணத்தை நம் விழாக்களில் யாரும் சொல்வதில்லை. பிராமணரல்லாதாருக்கு அரசு வேலையில் பங்கு ஒதுக்குவது பற்றி மகாராஜா 1918-ல் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி குறையும் என்பது திவானுடைய எண்ணம். ஒத்துப்போக முடியாமல் விலகினார். இதில் நான் அவர் பக்கம் இல்லை. எங்கள் வீட்டில் முதல் கையெழுத்துப் போட்டதே நான்தான். ஒதுக்கீடு இல்லாவிட்டால் அந்த சிவில் வராண்டாவில் மாலை பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். நம் வகுப்பில் பாதிப் பேர் நின்றிருக்க மாட்டோம். அப்படி நின்றவர்கள் கட்டிய தண்ணீர்த் தொட்டிகள் இந்த மாவட்டம் முழுக்க நிற்கின்றன, ஒழுகவில்லை. அவர் இருந்து பார்த்திருந்தால் நல்லது.

வயது அவரை உட்கார வைக்கவில்லை. தொண்ணூறு தாண்டியபிறகு கங்கையின்மேல் பாலம் எங்கே கட்டுவது என்று பார்க்கும் குழுவுக்குத் தலைமை தாங்கி பீகார் பக்கம் போனார். மொகாமாவில் பாலம் வந்தது. 1955-ல் பாரத ரத்னா.

அவருடைய கடைசிக் காலத்தில் நடந்த ஒன்றை எண்ணினால் மனசு கனக்கும். கடக்வாஸ்லாவுக்கு மேலே பான்ஷெட் என்ற இடத்தில் புதிதாக ஒரு மண் அணை எழுந்துகொண்டிருந்தது. வேலை முழுசாக முடியவில்லை, தண்ணீர் வெளியேறும் வழியும் முடியவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது, தண்ணீரைத் தேக்கிவிட்டார்கள். 1961 ஜூலை 12 காலை அணை உடைந்தது. அந்த வெள்ளம் இறங்கி வந்து கடக்வாஸ்லாவையும் உடைத்துக்கொண்டு பூனாவுக்குள் போனது. எந்த அணையில் அவர் தானாகத் திறக்கும் கதவை வைத்துப் பேர் வாங்கினாரோ, அந்த அணை. மேல் அணை உடைந்தால் கீழ் அணை தாங்காது என்று அவர் ஹைதராபாத்தில் பார்த்து ஐம்பது வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார், வயது நூறை ஒட்டி. 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். சமாதி முத்தேனஹள்ளியில்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற எங்கள் ஊரில் இப்போது அணை இருக்கிறது. கூடுகை முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில்தான் இருப்பேன். சிவில் படிக்கிற தம்பி தங்கைகள் வர விரும்பினால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்குவோம். மணல் மிச்சம் இருக்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். ஒரு ஸ்கேலும் ரெண்டு சிரட்டையும் கொண்டு வாருங்கள். எத்தனை அடியில் ஊறுகிறது, தெளிய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.